பள்ளி வாயிலும் வீட்டுத் திண்ணையும்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் திங்களில் தொடக்கப்பள்ளிகள் திறக்கும்போது, ஆண்டுதோறும் ஊர்களில் இருவகைப் பரபரப்பைக் காண்கிறோம். ஒன்று குழந்தைகளுடையது, மற்றொன்று பெற்றோருடையது. பள்ளி எந்த நாளில் திறக்கும்? சேர்க்கைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்? கட்டணம் உண்டா? உணவு உண்டா? வகுப்பாசிரியர் யார்? விடை தெரிந்த வீட்டுப் பிள்ளை முதல் நாளன்றே முன்வரிசையில் அமர்ந்துவிடுகிறது. விடை தெரியாத வீட்டுப் பிள்ளையோ பத்து நாள் கழித்து, தாயின் கூலி வேலை ஒருநாள் கெட்ட பின்னர், தலைமையாசிரியர் அறை வாயிலில் தயங்கி நிற்கிறது. சில வேளைகளில் அது பள்ளிக்கே வராமலும் போய்விடுகிறது.

பள்ளி பெற்றோர்க்குச் செய்தி சொல்வது சிறு காரியமாகத் தோன்றலாம். எனினும் நம் தமிழ் மண்ணின் கல்வி வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், வீட்டோடு பேசிய பள்ளிகள் தழைத்ததையும், வீட்டைக் கேளாமல் வகுத்த திட்டங்கள் வாடியதையும் காணலாம். புதிய கல்வியாண்டின் வாயிலில் நின்று அவ்வரலாற்றை நினைவுகூர்வது பயன் தரும்.

மணியோசை கேட்ட தெருக்கள்

தூய பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவ மக்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் தாங்கள் ஏற்ற மறையைப் பற்றி அவர்களுக்குச் சொல்வார் இல்லை. சவேரியார் உள்ளூராரின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழில் அமைத்துக்கொண்டு, கையில் மணியுடன் தெருத் தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபையினருக்கு எழுதிய மடலில் அவரே இதனை விவரித்துள்ளார்.

அம்மடலில் நம் பொருளுக்கு ஏற்ற செய்தி ஒன்று உண்டு. பள்ளியில் கற்றதைத் தத்தம் பெற்றோர்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்குமாறு அவர் சிறுவர்களைப் பணித்தார். பெற்றோர் பகலெல்லாம் கடலிலும் கரையிலும் உழைப்பவர்கள். வகுப்பில் வந்து அமர அவர்களுக்கு நேரமில்லை. எனவே பள்ளியே பிள்ளையின் வாய்வழியாக வீட்டிற்குச் சென்றது. குழந்தையைத் தூதுவனாக்கும் இம்முறை அன்று பெரும் பலன் அளித்தது. அதன் மறுபக்கத்தைப் பின்னர்க் காண்போம்.

ஆசிரியர் வீட்டிற்கு வந்த நாள்

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியபோது சென்னை மாகாணத்தின் கல்வி நிலையை அறிய ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் ஓர் ஆய்வுக்கு ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளின்படி அன்று மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலைக்கு மாறும் கல்வி அது. ஊரார் கொடுத்த நெல்லும் சிறு காணிக்கையுமே ஆசிரியரின் ஊதியம்.

அவ்வறிக்கைகளுள் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் எழுதியது புகழ்பெற்றது. பெல்லாரி இன்று கருநாடகத்தில் உள்ளது. அன்று சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. அங்கு ஐந்து வயதுக் குழந்தையின் படிப்பு எவ்வாறு தொடங்கியது என்பதை அவர் விவரித்துள்ளார். குழந்தை சேரவிருக்கும் பள்ளியின் ஆசிரியரும் மாணவர்களும் குழந்தையின் வீட்டிற்கு அழைக்கப்படுவார்கள். அனைவரும் பிள்ளையார் திருவுருவைச் சுற்றி அமர, ஆசிரியர் குழந்தையின் அருகில் இருந்து வழிபாடு சொல்லிக்கொடுத்து, அதன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார். பெற்றோர் இயன்றதை ஆசிரியருக்கு அளிப்பர். மறுநாள் காலையில்தான் குழந்தை பள்ளிக்குச் செல்லும்.

இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை பள்ளியின் படியை மிதிக்கும் முன்னரே பள்ளி அக்குழந்தையின் வீட்டுப் படியை மிதித்தது. ஆசிரியர் வீட்டின் வறுமையையும் வளத்தையும் தம் கண்ணாலேயே கண்டார். பெற்றோர் ஆசிரியரின் முகத்தைத் தம் கூடத்திலேயே பார்த்தனர். மறுநாள் பள்ளியில் அக்குழந்தைக்கு ஆசிரியரும் அந்நியரல்லர், உடன் பயில்வோரும் அந்நியரல்லர்.

ஆயினும் இதனைப் பொற்காலம் என்று போற்றிவிட இயலாது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. சிறுமியரின் எண்ணிக்கை மிகச் சொற்பம். ஆசிரியர் எந்த வீடுகளுக்கு வந்தாரோ அந்த வீடுகளுக்கு மட்டுமே கல்வி வந்தது. அவர் வராத தெருக்கள் பல இருந்தன.

அத்தெருக்களை நோக்கி நடந்தவர்களுள் மறைப்பணியாளர்களுக்கும் உபதேசியார்களுக்கும் தனி இடமுண்டு. பல சிற்றூர்களில் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும், மாலையில் வீட்டாருக்குச் செபம் சொல்லித் தந்தவரும் ஒரே உபதேசியார்தாம். ஞாயிறு திருப்பலியின் இறுதியில் வரும் அறிவிப்பே அவ்வூர்களில் பள்ளியின் அறிக்கைப் பலகையாகவும் விளங்கியது. புதுச்சேரியில் துப்புயி அடிகளார் 1844இல் சிறுமியரின் கல்விக்காக நம் நாட்டுப் பெண்களைக் கொண்டே ஒரு துறவு சபையை நிறுவினார். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே இல்லாத காலம் அது. வீட்டுப் பெரியோரின் நம்பிக்கையைப் பெறாமல் அத்தகைய பள்ளியில் ஒரு சிறுமிகூட அமர்ந்திருக்க முடியாது.

பதிவேட்டில் பிறந்த குழந்தைகள்

1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிகோலியது. மானியம் வந்தது, அதனோடு ஆய்வாளர்களும் வருகைப் பதிவேடும் சேர்க்கைப் பதிவேடும் வந்தன. ஆசிரியர் ஊருக்குக் கணக்குச் சொல்லிய காலம் மெல்ல மறைந்து, கல்வித்துறைக்குக் கணக்குச் சொல்லும் காலம் பிறந்தது.

இம்மாற்றத்தின் சுவடு நம் முதியோர் பலருடைய சான்றிதழ்களில் உள்ளது. அவர்களுள் கணிசமானோரின் பிறந்தநாள் மே, ஜூன் திங்கள்களிலேயே அமைந்திருப்பதைக் காணலாம். அத்தனை பேரும் கோடையில் பிறந்தவர்கள் அல்லர். பள்ளியில் சேர்க்க வந்த தந்தைக்குப் பிள்ளை பிறந்த நாள் தெரியாது; புயல் அடித்த ஆண்டு, தேரோடிய மாதம் என்றுதான் அவர் சொல்வார். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று தலைமையாசிரியர் முடிவு செய்து, பள்ளி திறக்கும் நாளுக்கு ஏற்றவாறு ஒரு தேதியைத் தாமே எழுதிக்கொள்வார். பின்னாளில் வேலைக்கும் ஓய்வூதியத்திற்கும் அதுவே பிறந்த நாளாயிற்று.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் ஒரு துணை இருந்தது. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பிறந்த நாள் எழுதப்பட்டிருக்கும். பங்குத்தந்தையிடம் ஒரு சான்று பெற்றுக்கொண்டால் போதும். ஆனால் அதனைக் கொண்டுவர வேண்டும் என்று முன்னதாகவே யாரேனும் சொல்லியிருந்தால்தான் அத்துணை பயன்பட்டது. சொல்லாத இடங்களில் கோயிலில் ஒரு பிறந்தநாளும் பள்ளியில் ஒரு பிறந்தநாளுமாகப் பலர் வாழ்ந்து முடித்தார்கள். ஒரு சொல்லை உரிய வேளையில் சொல்லாததன் விளைவு ஒருவரின் வாழ்நாள் முழுதும் தொடர்வதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கேளாமல் வந்த திட்டம்

1953ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னை மாநிலத்தின் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகள் திறந்தபோது ஒரு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக்கல்வித் திட்டம் அது. பிள்ளைகள் இரு பிரிவாக, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே வகுப்பில் இருப்பர்; எஞ்சிய நேரத்தில் தம் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இடவசதியும் ஆசிரியரும் குறைவாக இருந்த நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான வழி என்று அரசு விளக்கிற்று. குலத்தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் கண்டித்தனர்.

அத்திட்டத்தின் நோக்கம் குறித்த வாதம் இன்றும் ஓயவில்லை. நாம் இங்குக் கருதுவது ஒன்றே. சட்டமன்றத்தில் முன்கூட்டி விவாதிக்கப்படாமலே வந்தது என்பது அதன்மேல் எழுந்த குறைகளுள் ஒன்று. சட்டமன்றமே கேட்கப்படாதபோது, நாவிதரும் சலவைத் தொழிலாளரும் உழவுக் கூலிகளும் கேட்கப்பட்டிருப்பார்களா? தம் பிள்ளை தம்மைப்போல் ஆகக்கூடாது என்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பிய தந்தையிடம், அரைநாள் உன் தொழிலையே கற்றுக்கொடு என்று பள்ளி சொன்னது. எதிர்ப்பு மாநிலமெங்கும் பரவிற்று. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டார். ஓராண்டுகூட நிறைவாக நில்லாத அத்திட்டம், வீட்டின் உள்ளக்கிடக்கையை அறியாமல் பள்ளியின் கால அட்டவணையை மாற்ற இயலாது என்ற பாடத்தை விட்டுச் சென்றது.

ஊர் கூடிய பள்ளி

காமராசர் ஆட்சியின் அணுகுமுறை இதற்கு மாறானது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊராரின் கொடையை நம்பியே எழுந்தது. அன்று பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார்.

அம்மாநாடுகளின் முறை கருதத்தக்கது. ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்து பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டனர். கரும்பலகை எத்தனை, பெஞ்சு எத்தனை, குடிநீர்ப் பானை உண்டா, கூரை ஒழுகுகிறதா, சீருடை இல்லாப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்பட்டியல் நீண்டது. பின்னர் மக்கள் முன்னிலையில் அதனை எடுத்துரைத்தபோது, ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் வகுப்பறை கட்டித் தந்தார். இயலாதவர் ஒரு மணியோ கடிகாரமோ தந்தார். பள்ளி தன் குறையை ஊராரிடம் மறைக்காமல் சொல்லிற்று. குறையை அறிந்த ஊர் அப்பள்ளியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது.

மதிய உணவின் வெற்றிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை ஒருவேளை உண்ணும் என்ற செய்தி, எழுதப்படிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கிய செய்தி. எந்தச் சுவரொட்டியும் தேவைப்படாமல் வாய்மொழியாகவே குடிசைதோறும் சென்ற செய்தி. அண்மையில் 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவடைந்தபோது, நம் மறைமாவட்டப் பள்ளிகள் பலவும் அதில் இடம்பெற்றன. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு இச்செய்தி முதல் நாளிலேயே சென்று சேர்வது எத்தனை ஆறுதல்!

கைநாட்டு இட்ட கைகள்

பிள்ளைகள் ரேங்க் கார்டு என்று அழைக்கும் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பத்திற்கென ஒரு கட்டம் உண்டு. அக்கட்டம் பெற்றோர்க்கு எழுதத் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறது. பல்லாயிரம் வீடுகளில் அதனை நிரப்பியது பெருவிரல் மைதான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தாய் தன் பிள்ளையையே கேட்டாள். பிள்ளை சொன்னதை நம்பி விரலை உருட்டினாள். சவேரியார் காலத்தில் வரமாக இருந்த தூது, இங்கே வலுவிழந்து நிற்கிறது. தன்னைப் பற்றிய குறையைத் தானே சுமந்து சென்று தாயிடம் படித்துக்காட்டும்படி ஏழு வயதுப் பிள்ளையைப் பணிப்பது, அப்பிள்ளைக்கும் சுமை, தாய்க்கும் இழிவு.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்தறிவித்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் அந்தி வேளையில் அகல்விளக்கைச் சுற்றி அமர்ந்து தம் பெயரை எழுதப் பழகினர். தன் பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் முதன்முறையாகக் கையொப்பமிடும் தாயின் பெருமிதத்தைச் சொற்களால் அளந்துவிட முடியாது.

ஆயினும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடே. ஐவருள் ஒருவருக்கு எழுத்துத் தெரியாத சமுதாயத்தில், அறிக்கைப் பலகையில் ஒட்டிய தாளையும் வாட்ஸ்அப் குழுவில் இட்ட செய்தியையும் மட்டும் காட்டி, யாவர்க்கும் அறிவித்துவிட்டோம் என்று பள்ளி சொல்ல முடியுமா? செய்தி மிகவும் தேவைப்படும் வீடே அதனைப் படிக்க இயலாத வீடாக இருக்கக் காண்கிறோமே!

கும்பகோணத்தின் கண்ணீர்

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளைத் தமிழகம் மறவாது. கல்வியாண்டு தொடங்கிச் சில கிழமைகளே ஆகியிருந்தன. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்திற்குள் பல பள்ளிகள் நெருக்கியடித்து இயங்கிய இடத்தில் தீப்பற்றியது. கீற்றுக் கூரையும் குறுகிய மாடிப்படியும் வழியை அடைத்தன. 94 குழந்தைகள் கருகி மாண்டனர்.

பிள்ளையைக் காலையில் தலைவாரி அனுப்பிய பெற்றோர், அக்கட்டடம் தீயிலிருந்து பாதுகாப்பானதா என்று கேட்க வேண்டும் என்பதையே அறிந்திருக்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருந்தது? அதன்பின் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. கட்டட உறுதிச் சான்றும் தீத்தடுப்புச் சான்றும் வற்புறுத்தப்பட்டன. அச்சான்றுகள் அலுவலகக் கோப்பில் உறங்காமல், பெற்றோர் கண்முன் ஆண்டுதோறும் எடுத்து வைக்கப்படுவதே அக்குழந்தைகளுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.

அரசின் சட்டமும் திருஅவையின் சட்டமும்

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு விதிக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது. ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்திருந்த ஒன்று, பெற்றோரின் உரிமையாக உயர்ந்தது.

இங்கு நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா எழுகிறது. இச்சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சரிமை குறித்து ஐயம் எழுப்பிய மற்றோர் அமர்வு, 2025இல் அதனைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பிற்று. நீதிமன்றம் எவ்வாறு முடிவு செய்யினும், சிறுபான்மை உரிமை என்பது பெற்றோரைக் கேளாதிருக்கும் உரிமை ஆகிவிடலாமா?

திருஅவையின் படிப்பினை இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசான்கள் என்று போதிக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும். அவர்கள் கூறுவதை விருப்புடன் செவிமடுக்க வேண்டும். பெற்றோர் சங்கங்களோ கூட்டங்களோ அமைக்கப்பட்டு உயர்வாக மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் 796ஆம் விதியின் சாரம். அரசின் சட்டம் நம் பள்ளி வாயிலில் நின்றுவிட்டாலும், திருஅவையின் சட்டம் வகுப்பறை வரை வருகிறது.

பொதுநிலையினராகிய நம் பங்கு

இக்கடமையை அருட்பணியாளர் மீதும் அருட்சகோதரிகள் மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கலாகாது. நம் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நாமும், அவற்றில் ஆசிரியப் பணி புரியும் நாமும் செய்யக்கூடியவை உள.

பெற்றோர் கூட்டத்தை வேலைநாளின் முற்பகலில் வைத்தால் கூலித் தொழிலாளர் ஒருநாள் ஊதியத்தை இழந்தே வர வேண்டும். மாலையிலோ ஞாயிறு திருப்பலிக்குப் பின்னரோ வைக்குமாறு நாம் கேட்கலாம். எழுத்தறியாதோர்க்கு அன்பியக் கூட்டங்களில் பள்ளிச் செய்தியை வாயால் எடுத்துச் சொல்லலாம். கிறித்தவரல்லாத அண்டை வீட்டாரிடமும் அதனைக் கொண்டு சேர்க்கலாம். நம் பள்ளிகளில் பயில்வோருள் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகளே என்பதை மறத்தல் ஆகாது. கட்டணம், நன்கொடை, சீருடை ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை மறைவின்றி எழுத்தில் தருமாறு பணிவோடு வேண்டலாம். முதல் வாரத்திலேயே பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு அவ்வீட்டிற்கு இருவராய்ச் சென்று விசாரிக்கலாம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. 1823இல் பெல்லாரிச் சிற்றூரின் எளிய ஆசிரியர் ஒருவர் செய்ததையும், 1958இல் நம் ஊர்ப் பெரியோர் செய்ததையும் நாம் இன்று செய்ய இயலாது என்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. அவர்கள் சென்ற வீடுகளோடு, அவர்கள் செல்லத் தவறிய தெருக்களுக்கும் நாம் செல்வோமாக. பள்ளி மணி அடிக்குமுன் ஏதேனும் ஒரு வீட்டில், இன்று எங்கே போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று தெரியாமல் ஒரு தாய் நின்றுகொண்டிருப்பாளாயின், அவளிடம் அதனைச் சென்று சொல்லும் பொறுப்பு அவ்வூரில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.